லாரிக்கு முன் ஒரு பக்கம் எழுது

சுங்கை சிப்புட்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். மகள் வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் (யுயுஎம்) கடைசி ஆண்டு. மத்தியானம் தவறாமல் மழை, செம்பனைத் தோட்டத்துப் பாதையெல்லாம் சேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 55 வயது முடிகிறது, ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து மகனுக்கு லாரி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே, 2010-இல் சிங்கப்பூர் வேலையை விட்டது முட்டாள்தனம் என்று உன்னையே திட்டியிருக்கிறாய். அந்தக் கோபத்தோடு லாரியை முடிவு செய்துவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். நீ வேலையை விட்டபோது சிங்கப்பூர் டாலர் நம் மலேசியக் காசில் இரண்டு வெள்ளி நாற்பது காசுக்குப் பக்கம். பின்னால் அது மூன்று வெள்ளியைத் தாண்டியது. அது அன்றைக்கு உனக்கு எப்படித் தெரியும்? படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்க்க ஆளில்லை, வந்தாய். அதில் என்ன தப்பு?

நம் அப்பாக்கள் காலத்தை எடுத்துக்கொள். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க, அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சேர்ந்தவர் கட்ட வேண்டிய பங்குப் பணம் மாதம் 10 வெள்ளி. ரப்பர் பால் மரம் வெட்டுகிறவருக்கு அது சின்னக் காசா? அன்று சேராதவர்களை இன்றைக்கு ஒட்டுக்கடையில் உட்கார்ந்து கேலி பேசுகிறார்கள். சங்கம் நிற்குமா, கவிழுமா என்று அப்போது யார் கண்டது? வீடு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடைக்கடனை அடைத்தவர் புத்தியில்லாதவர் அல்ல. வேலை வாங்கும் தண்டல் சேர்ந்தாரே என்று தாங்களும் கையெழுத்துப் போட்டவர்களும் இருந்தார்கள். இப்போது அவர்களெல்லாம் தீர்க்கதரிசிகள்!

இதை ஆராய்ந்தே காட்டியிருக்கிறார்கள். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்குப் போகும் முன், என்னென்ன நடக்கும் என்று மாணவர்களைக் கணிக்கச் சொன்னார் பிஷாஃப் என்ற உளவியலாளர். பயணம் முடிந்த பிறகு, முன்பு என்ன கணித்தீர்கள் என்று கேட்டார். நடந்தவற்றைத் தாங்கள் உண்மையில் கணித்ததைவிட அதிகமாகவே எதிர்பார்த்ததாகப் பலரும் நினைவு வைத்திருந்தார்கள்.

அதனால்தான் நான் 555 புத்தகம் வைத்திருக்கிறேன். கடைக்கடன் எழுதுவோமே, அதே குட்டிப் புத்தகம். பெரிய முடிவு என்றால் தேதி, காரணம், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், எது நடந்தால் நிறுத்துவேன், இவ்வளவுதான். மகளைப் பல்கலைக்கு முந்திய மெட்ரிக் வகுப்புக்குப் பதில் ஆறாம் படிவத்துக்கு அனுப்பியதை ஊரே மெச்சுகிறது. புத்தகத்தைப் புரட்டினால், “மெட்ரிக் இடம் கிடைக்கவில்லை. பள்ளி பக்கம். பஸ் காசு மிச்சம்” என்று என் கையெழுத்து இருக்கிறது. பாதி ஆண்டில் மாற்றலாகி வந்த பொருளியல் ஆசிரியைதான் அவளைத் தூக்கிவிட்டார். அந்தப் பெயரை நான் எடுத்துக்கொண்டால் இளையவன் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்வேன்.

லாரிக்கும் ஒரு பக்கம் எழுது. சேமநிதி 2023-க்கு 5.50, 2024-க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. அந்தப் பணம் அங்கேயே கிடந்தால் என்ன வரும், லாரி என்ன தர வேண்டும் என்று பக்கத்தில் பக்கத்தில் போடு. செம்பனைக் குலை ஏற்றும் குத்தகை மகன் கையில் எழுத்தில் இருக்கிறதா, இல்லை “தர்றேன்னு சொல்லியிருக்காங்க” கதையா? டயர், ரோட் டெக்ஸ், பழுது எல்லாம் யார் தலையில்? லாரி ஓடாத மாதத்தில் தவணையை யார் கட்டுவது?

எழுதி முடித்ததும் படம் பிடித்து வாட்சாப்பில் அனுப்பு. மகனிடமும் காட்டு, அவனும் ஒரு பக்கம் எழுதட்டும். அப்புறம், தீபாவளிக்கு வருகிறாயா என்று நீ எழுதவே இல்லை. வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் பழைய வகுப்புத் தோழன்