சென்சார் வலையில் ஓட்டை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யானை நடமாட்டத்தை அறிவிக்கும் சென்சார்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை கருவி, என்ன விலை என்று விவரமாக எழுதியிருந்தார்கள். எல்லாக் கருவிகளும் சேர்ந்து இடத்தை முழுசாகக் காக்கின்றனவா என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. கூடலூர்ப் பக்கம் எஸ்டேட் லைனில் குடியிருக்கும் எங்களுக்கு அதுதான் உயிர்ப் பிரச்சினை.

போன பலாப்பழ சீசனில் ஒருநாள் விடியற்காலை, எங்கள் லைனுக்குப் பின்னால் ஒற்றை யானை வந்து நின்றது. சைரன் அடிக்கவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தோம். ஓடைக்கு இக்கரையிலும் அக்கரையிலும் இருந்த கருவிகளில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஈரமண்ணில் சின்ன முறம் அளவுக்குக் காலடி.

எஸ்டேட் பள்ளியில் 30 ஆண்டு கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கணிதத்தில் வழி இருக்கிறது. வின் டி சில்வா, ராபர்ட் கிரிஸ்ட் என்ற இரு கணித அறிஞர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், வடிவங்களில் உள்ள ஓட்டைகளைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் இயற்கணித இடவியலை வைத்தே இதைச் செய்து காட்டினார்கள். கருவி எந்த இடத்தில் நிற்கிறது என்ற அளவுகூடத் தேவையில்லை. எதற்கு எதன் சிக்னல் கேட்கிறது என்ற பட்டியல் போதும். கேட்கும் இரண்டுக்கு நடுவே ஒரு கோடு. மூன்று கருவிகள் ஒன்றுக்கொன்று கேட்டால் அந்த முக்கோணம் அடைபட்டது. 100 மீட்டர் வரை பேசும் கருவி 58 மீட்டர் வரை பார்த்தால், முக்கோணத்துக்குள் பார்வை படாத இடமே கிடையாது. நான்கு கருவிகள் சுற்றிவரக் கேட்டு, குறுக்கே கேட்காவிட்டால்தான் சிக்கல். அது 100 மீட்டர் சதுரம் என்றால் நடுப்புள்ளி ஒவ்வொரு மூலையிலிருந்தும் சுமார் 71 மீட்டர். யாருக்கும் எட்டாது. அந்த ஓட்டையைச் சுற்றிக் கயிறு போட்டு இழுத்தால், முளைக்குச்சியில் மாட்டியதுபோல் சுருங்காமல் நிற்கும். ஹோமாலஜி என்பது இப்படிச் சுருங்காத கயிறுகளை எண்ணும் கணக்கு. எல்லையோரம் வேலிபோல் நிற்கும் கருவிகளின் வளையம் முழுக்க முக்கோணங்களால் அடைபட்டால் உள்ளே ஓட்டை இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அடைபடாவிட்டால் ஓட்டை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது சமதளத்தில் வட்டமாகப் பார்க்கும் கருவிக்குச் சொன்ன கணக்கு. நம் மலையில் ஒரு மேடு மறைத்தாலும், உண்ணிச்செடி வளர்ந்துவிட்டாலும் பார்வை பாதியாகிவிடும். விற்பவர் காகிதத்தில் தரும் தூரத்தை விட்டுவிட்டு, அந்தந்த இடத்தில் நடந்து அளந்து, இருப்பதிலேயே குறைந்த அளவைத்தான் கணக்கில் போட வேண்டும். ஆடி மழையில் பேட்டரி இறங்கி ஒரு கருவி ஓய்ந்தால் அன்றைக்கே இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு இது பெரிய வேலையே இல்லை.

கருவிகளைப் பொருத்தியபின் இந்தச் சோதனையைக் காட்டினால்தான் பணம் என்று அடுத்த டெண்டரில் வனத்துறை ஒரு வரி சேர்க்கட்டும். ஊட்டி, கூடலூர் அரசுக் கல்லூரிகளின் கணித மாணவர்களிடமே இந்த வேலையை ஒப்படைக்கலாம்.

பராமரிப்புக்கு வந்த தம்பியிடம் கேட்டு, எங்கள் லைனைச் சுற்றியுள்ள 11 கருவிகளின் பட்டியலை நானும் இரண்டு பிள்ளைகளும் நோட்டில் எழுதிக் கோடு போட்டுப் பார்த்தோம். ஓடை வளைவைச் சுற்றி நிற்கும் நான்குக்கும் குறுக்கே கேட்கவில்லை. அதிகாரிகள் யார் கேட்டாலும் அந்த நோட்டைத் தருகிறோம்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கூடலூர், நீலகிரி.