தண்ணீர்த் தூரிகை

அன்புள்ள ராசு,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாதது தப்புதான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அக்காவின் முழங்கால் தேவலையா?

பெய்ஜிங்கில் சொர்க்கக் கோயில் பூங்காவில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். கல் பாவிய தரையில் வெறும் தண்ணீரால் எழுதிக்கொண்டிருந்தார். 'தீஷூ', அதாவது தரையெழுத்து. மேலிருந்து கீழாக, கல்லுக்கு ஓர் எழுத்து. எழுதியதை மிதிக்காமல் பின்னாலேயே நகர்கிறார். வரி முடிவதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிடுகிறது. காகிதம் வாங்கக் காசில்லை என்று புலம்புவாயே, இதோ வழி!

அப்படி எழுதும் தூரிகையை உன்னிடம் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு நீயே செய்துவிடலாம். மெத்தைக் கடையில் கெட்டி ஃபோம் கேள். லேசான பஞ்சு வேண்டவே வேண்டாம். அழுத்தினால் சப்பிப்போய் நிமிராது. மூன்று அங்குலச் சதுரம், ஐந்து அங்குல நீளம். காய்ந்திருக்கும்போதே கத்தரியால் தாமரை மொக்குப் போலச் செதுக்கு. நுனியை ரொம்ப ஒல்லியாக்காதே, துவண்டுவிடும். அடியில் துளை போட்டு அரை அங்குல பிவிசி பைப்பைச் செருகி, சைக்கிள் ட்யூப் ரப்பரால் இறுக்கிக் கட்டு. பைப் பிள்ளைகளின் நெஞ்சுயரம் இருந்தால் போதும்.

புது ஃபோம் தண்ணீரைக் குடிக்காது. வாளிக்குள் பலமுறை பிசைந்து காற்றை வெளியேற்று. பிறகு வாளி விளிம்பில் ஒருமுறை அழுத்தி வழித்துவிடு. சொட்டினால் எழுத்து ஊறிப் பரவும். அழுத்தினால் தடித்த கோடு, தூக்கினால் மெல்லிய கோடு, வித்தை அவ்வளவுதான்.

சீன எழுத்தில் கீற்றுக்குக் கீற்று கை எழும். நம் எழுத்து சுழன்றுகொண்டே போகும். 'ண' பாதியில் தண்ணீர் தீரும், வளைவில் நுனி முறுக்கும். வளைவு வரும்போது பைப்பை விரலால் உருட்டச் சொல். சீனர்கள் 'யோங்' என்ற எழுத்தில் பழகுகிறார்கள், எட்டு அடிப்படைக் கீற்றும் அதற்குள் அடக்கம். பொருள் 'நித்தியம்'! தமிழில் அதற்கு ஈடு 'அ' என்பேன்: சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு நான்கும் இருக்கின்றன. 'ட', 'ப' எழுதிக் கை பழகியதும் நேரே அதற்குப் போ.

வராண்டாவின் ரெட் ஆக்சைடு தரை ஆகாது, தண்ணீர் முத்து முத்தாய் உருளும். சிமெண்ட் முற்றம் சரி. முதலில் நன்றாகப் பெருக்கு. மணல் நுனியைத் தின்றுவிடும். பத்து மணி வெயிலுக்கு முன் முடித்துவிடு.

தப்பு வந்துவிடும் என்று பென்சிலையே தொடாத பையனைப் பற்றி எழுதியிருந்தாயே, முதல் தூரிகையை அவன் கையில் கொடு. என்ன செய்தான் என்று உடனே எழுது.

அன்புடன்,
மணி