பஃப் கை ஜம்பரும் புளியிலைக்கரை முண்டும்

வடசேரி, நாகர்கோவில்

அன்பு மக்களே,

பழங்கால உடுப்பு என்று நீ தைத்த ஜம்பரின், அதாவது பிளவுசின், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துணி அழகு, தையலும் நேர். ஆனால் அந்த உடுப்பில் மூன்று காலம் கலந்து கிடக்கிறது. கை 1895-இல் சீமைப் பெண்கள் போட்டது போலத் தோளில் பெரிதாய் அகன்று முழங்கைக்குக் கீழே ஒட்டிக்கிடக்கிறது. கழுத்து 1940-இன் கழுத்து. முதுகில் இருக்கும் ஜிப்போ நேற்றையது. பழங்கால உடுப்பு தைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஓர் ஆண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சீமையிலேயே அந்தப் பெரிய கை இரண்டு மூன்று வருஷத்தில் சுருங்கி, 1900-க்குப் பிறகு உப்பல் மணிக்கட்டுப் பக்கம் இறங்கிவிட்டது. குட்டைப் பஃப் கை திரும்பி வந்தது 1930-களில். உனக்கு நம்மூர் உடுப்புதான் வேண்டும், அதுவும் திருவிதாங்கூரோடு இருந்த இந்தக் கன்னியாகுமரி ஜில்லா 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேருவதற்கு முன்னால் உள்ளது வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் 1940-ஐ எடுத்துக்கொள். குட்டைப் பஃப் கை ஜம்பர், இடுப்பில் கட்டும் முண்டும் மேலே போடும் நேரியலும், கழுத்திலும் கையிலும் நாகர்கோவில் லேஸ்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்துக்குக் கீழே அதைக் "குப்பாயம்" என்று எழுதியிருக்கிறாய். அது குப்பாயம் இல்லை. குப்பாயம் டார்ட் என்கிற பிடிப்பு மடிப்பு இல்லாமல், உடம்போடு ஒட்டாமல் தொளதொளவென்று நிற்கும் சட்டை. அந்தச் சொல்லுக்கு இந்த மண்ணில் பெரிய பாரம் உண்டு. கர்னல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் திருவிதாங்கூரில் திவானாக இருந்த காலத்தில் கிறிஸ்தவர்களான சாணார் பெண்கள், இன்று நாடார் என்கிறோமே அவர்கள், குப்பாயம் போடலாம் என்று அனுமதி வந்தது. மேல்சாதிப் பெண்களைப் போல மார்பின் மேல் போடும் தோள்சீலை மட்டும் கூடாது என்றார்கள். அதற்காக அடியும் கிழிசலும் வாங்கி, கிறிஸ்தவக் கோயில்களும் வீடுகளும் எரிந்து, 1859 ஜூலை 26-இல்தான் எல்லாச் சாணார் பெண்களும் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று ராஜ விளம்பரம் வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்று ஒரு வரி. ஆகையால் "அந்தக் காலத்தில் எல்லாரும் எவ்வளவு அழகாக உடுத்தினார்கள்" என்று மட்டும் எழுதிவிடாதே. முண்டும் நேரியலும் யார் உடுத்தினார்கள், யாரை உடுத்த விடவில்லை என்பதையும் சேர்த்து எழுது. தையல் சரியாக இருப்பது போல இதுவும் சரியாக இருக்க வேண்டும்.

இனி துணி. நீ எடுத்தது பாலியஸ்டர் கலந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, மடிப்பில் மினுக்கம் தெரிகிறது. ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்துத் தீக்குச்சி காட்டு. பருத்தி காகிதம் போல எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். உருகிச் சுருண்டு கறுப்பாய்க் கெட்டி மணி நின்றால் அது 1940-இல் கடையில் கிடைக்காத சரக்கு. நல்ல மல் துணி, மெல்லிய பருத்தி, வாங்கு. மல் கிடைக்காவிட்டால் டூ பை டூ ரூபியா என்கிற பிளவுஸ் பருத்தித் துணி போதும். 44 அங்குல அகலத்தில் 1.75 மீட்டர் வேண்டும். சாதா பிளவுசுக்கு ஒரு மீட்டர் போதுமே என்று நினைக்காதே. விரித்த பஃப் கை ஒவ்வொன்றும் தையலுக்கு விடுவதோடு 22 அங்குலம் வரும், கரையைத் தள்ளினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடங்காது, ஒன்றின் கீழ் ஒன்றாய்த்தான் வெட்ட வேண்டும். கழுத்துக்கும் அக்குளுக்கும் க்ராஸ் துண்டு, அதாவது சாய்வாக வெட்டும் பட்டி, வேறு எடுக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் காயவிட்டு, லேசான ஈரத்திலேயே இஸ்திரி போடு. இதைச் செய்யாமல் தைத்தால் முதல் சலவையில் ஜம்பர் சுருங்கிக் கையின் பட்டை பிடிக்கும்.

முதலில் காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார். இடுப்பில் ஒரு டார்ட், மார்புச் சுற்றளவுக்கு மேல் 2 அங்குலம் தளர்ச்சி, அவ்வளவே. இந்தக் காலத்துப் பிளவுஸ் போல நான்கு டார்ட் வைத்து இறுக்கினால் உருவமே மாறிவிடும். முன்பக்கம் திறப்பு. வலது பட்டி மேலே, இடது கீழே, ஆறு கொக்கி. பித்தளைக் கொக்கி வாங்கு, இரும்புக் கொக்கி மல் துணியில் துருக்கறை ஏற்றிவிடும். கண்ணிக்குக் கம்பி வேண்டாம், நூலிலேயே காஜா போட்டுக் கட்டு.

எல்லாரும் சறுக்குகிற இடம் கை. உன் கை பஃப் எழும்பாமல் தோளிலிருந்து வழிந்து கிடக்கிறது. அதற்குக் காரணம் இரண்டு. நீ அகலத்தை மட்டும் கூட்டியிருக்கிறாய், உயரத்தைக் கூட்டவில்லை. அதோடு தோளைச் சாதாப் பிளவுஸ் அகலத்திலேயே விட்டுவிட்டாய். சாதாக் கையின் மாதிரியை எடு. அகலம் 14 அங்குலம், அக்குளுக்குக் கீழே நீளம் ஓர் இரண்டரை என்று வை. நெட்டாக எட்டுத் துண்டாகக் கீறி, துண்டுக்குத் துண்டு 1 அங்குலம் விலக்கிப் புதுக் காகிதத்தில் ஒட்டு. ஏழு இடைவெளி, ஆக 21 அங்குலம். இப்போது நடு உச்சியில் ஒன்றரை அங்குலம் உயர்த்தி, இரண்டு பக்கமும் பையப் பைய இறக்கிப் பழைய கோட்டோடு சேர். கீழ் விளிம்பில் நடுவில் அரை அங்குலம் இறக்கு. இந்த உயரந்தான் காற்றைப் பிடித்து நிற்கிற இடம். உடம்புப் பாகத்தில் தோள் முனையை அரை முதல் முக்கால் அங்குலம் உள்ளே வெட்டு. பஃப் தோள் எலும்பின் மேல் உட்கார வேண்டும், அதைத் தாண்டினால் எவ்வளவு சுருக்கு வைத்தாலும் தொங்கும்.

சுருக்குக்கு மிஷினில் தையல் நீளத்தை 4 மில்லிமீட்டருக்கு மாற்றி, மேல் நூலைக் கொஞ்சம் தளர்த்து. விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு வரி, அரை அங்குலத்தில் ஒரு வரி. முனையில் ரிவர்ஸ் தையல் கூடாது, நூலை மூன்று அங்குலம் தொங்கவிடு. இரண்டு வரியின் அடிநூலையும் சேர்த்து இழு. ஒரே வரியில் சுருக்கினால் சுருக்கு படுத்துப் பக்கவாட்டில் ஓடும், இரண்டு வரி இருந்தால் நிமிர்ந்து நிற்கும். சுருக்கை அக்குள் வரை கொண்டுபோகாதே. தோள் தையலுக்கு முன்னே 4 அங்குலம், பின்னே 4 அங்குலம், அதற்குள் முடித்துவிடு. அக்குளில் சுருக்கு வந்தால் தடித்து உரசும், வியர்வையில் துணி அங்கேதான் முதலில் போகும். இரண்டு வரிக்கும் நடுவில், கைப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்துச் சாதா நீளத்தில் தைத்து, பிறகு வெளியே தெரிகிற வரியை உருவிவிடு. ஊசி 9 நம்பர். 14 நம்பர் மல் துணியில் ஓட்டை போடும்.

பஃப் தானாக நிற்காது என்று பக்ரம் என்கிற விறைப்புத் துணி வைக்கிறார்கள், வைக்காதே, முறுக்கிய காகிதம் போலத் தெரியும். ஆர்கண்டி என்கிற மெல்லிய விறைப்பான பருத்தித் துணி 3 அங்குல அகலம், 12 அங்குல நீளம் எடுத்து நெட்டாக மடித்து, 8 அங்குலமாகச் சுருக்கி, தோளின் உள்தையலில் கையின் பக்கமாகத் தைத்து வை. வெளியே ஒன்றும் தெரியாது.

கைப்பட்டைக்குப் புஜத்தின் சுற்றளவோடு அரை அங்குலம் தளர்ச்சி, தையலுக்கு ஒரு அங்குலம். அகலம் தைத்து முடித்தபின் ஒன்றேகால். பக்கத்தையலுக்கு ஓவர்லாக் போடாதே, மல் துணியில் அது வெளியே தெரியும், அந்தக் காலத்து வேலையும் இல்லை. துணியின் உட்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்துக் கால் அங்குலத்தில் தைத்து, விளிம்பைப் பாதியாக நறுக்கி, திருப்பி மறுபடி கால் அங்குலத்தில் தை. பிசிறு உள்ளே அடங்கிவிடும். அக்குள் வளைவில் மட்டும் இது தடிக்கும், அங்கே க்ராஸ் துண்டு வைத்து மடி.

லேஸ் நான் பார்சலில் வைத்திருக்கிறேன், முக்கால் அங்குல அகலம், இரண்டு மீட்டர். கழுத்து 16 அங்குலம், பட்டை இரண்டும் 22, ஆக 38. அதற்கு ஒன்றரை மடங்கு 57 அங்குலம். மீதி சுருங்குவதற்கும் இணைப்புக்கும். இது தலையணை லேஸ். 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் இந்த ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த வேலை. கெட்டியாக அடைத்த தலையணையில் ஓட்டை குத்திய அட்டையை வைத்து, குண்டூசிகளைச் சுற்றி, கட்டையில் சுற்றிய நூல்களை ஜோடி ஜோடியாய்க் குறுக்கே போட்டும் முறுக்கியும் பின்னுவது. கண்ணாடி வைத்து உற்றுப் பார். நூல் நெசவு போல மேலும் கீழும் போகும், எங்குமே வளையத்துக்குள் வளையம் இருக்காது. வளையமாகக் கோத்திருந்தால் அது குரோஷா. ஆந்திராவில் நரசாபுரத்தில் அதைத்தான் செய்கிறார்கள், நல்ல வேலைதான், ஆனால் இந்த ஊருடையது இல்லை.

லேஸை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக் காயவிட்டுத்தான் தைக்க வேண்டும். அதன் நேர் விளிம்பில் ஒரு நூல் ஓடும், ஊசிமுனையால் அதைத் தூக்கி இழுத்தால் தானாகச் சுருங்கும், தனியாகச் சுருக்கு போட வேண்டாம். மிஷினில் வைக்காதே, பல்லில் மாட்டும். கையாலேயே சின்ன ஓட்டுத்தையல் போடு. பழைய நிறம் வர வேண்டும் என்று டீத் தண்ணீரில் முக்கலாமா என்று கேட்டிருந்தாய். புதுத் துணிக்குப் பரவாயில்லை. இந்த லேஸுக்கு வேண்டாம், தேயிலைக் கறை நாள்பட நூலை அரிக்கும்.

முண்டுக்குச் சரிகை தேடி அலையாதே. இப்போது மலிவாய் வருவது பெரும்பாலும் பிளாஸ்டிக் சரிகை, இஸ்திரிப்பெட்டி பட்டால் சுருளும். புளியிலைக்கரை எடு, மெல்லிய கறுப்புக் கரை, உன் காலத்துக்குப் பொருந்தும். பாலராமபுரம் கைத்தறியே போதும். திருவிதாங்கூர் ராஜா பாலராம வர்மா காலத்தில் நம்ம நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துச் சாலியர்களை, நெசவுக்காரர்களை, கூட்டிப்போய்க் குடிவைத்த ஊர்தானே அது. முண்டும் நேரியலும் தனித்தனியாகச் சுமார் 2.8 மீட்டர் இருக்கும். நேரியலின் நுனியைப் பழைய முறையில் ஜம்பருக்குள் செருகினார்கள், இடது தோளில் போடுவது பின்னால் வந்த பழக்கம். தோளில் போடுவதானால் மடிப்பை மூன்று அங்குலத்துக்கு மேல் விடாமல் கழுத்தை ஒட்டிப் போட்டு, உள்ளே ஒரு துண்டுத் துணி வைத்துத் தோள் தையலில் பின் குத்து. இல்லாவிட்டால் இடது பஃப் நசுங்கி, வலது மட்டும் நிற்கும். உன் படத்தில் இடது கை வலதைவிட அமுங்கிக் கிடப்பது அதனால்தான்.

கஞ்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவைக் கட்டி இல்லாமல் கரைத்துக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, இன்னொரு லிட்டர் பச்சைத்தண்ணீர் சேர். கட்டி நின்றால் வெள்ளைத் திட்டு விழும். கையை இஸ்திரி போடும்போது துண்டைச் சுருட்டி உள்ளே அடைத்து, பெட்டியின் மூக்கால் மட்டும் சுருக்குக்குள் தொடு. போட்டு முடிந்ததும் கஞ்சி போகத் துவைத்துத்தான் எடுத்துவைக்க வேண்டும், கஞ்சியோடு வைத்தால் பூச்சி தின்னும், மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்று, பின் ஒன்றும் விடாதே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்று.

உன் புஜத்தைத் தளர்வாக வைத்து, அக்குளிலிருந்து மூன்று அங்குலம் கீழே டேப் சுற்றி அளவெடுத்து அனுப்பு. பட்டை இரண்டையும் லேஸ் வைத்து இங்கேயே தைத்து அனுப்புகிறேன்.

உன் அம்மை