ஏஸுக்காகக் காத்திருப்பது தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வார இணைப்பில் வந்த போக்கர் கட்டுரை, எதற்கெடுத்தாலும் ரெய்ஸ் செய்யும் (பந்தயத்தை உயர்த்தும்) ஆட்டக்காரரிடம் மாட்டிக்கொண்டால் அடங்கி இருந்து, கையில் ஏஸ் ஜோடி (இரண்டு ஏஸ்) வரும்வரை பொறுக்கச் சொல்கிறது. புதிதாக ஆட வருபவர்களின் பணத்தைச் சத்தமில்லாமல் கரைக்கும் ஆலோசனை இது. பந்தயத்துக்கு உச்சவரம்பில்லாத நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையை ஆடுபவர்கள் பலரும் இதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருப்பதால் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. 52 சீட்டில் இரண்டை எடுக்க 1,326 வழிகள் உண்டு. அவற்றில் ஏஸ் ஜோடி 6 மட்டுமே. ஆக, 221 கைக்கு (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடுவது ஒரு கை) ஒரு தடவைதான் அது வரும். ஒன்பது பேர் மேசையில் 221 கை என்பது 24 சுற்றுக்கும் மேல். சுற்றுக்கு ஒன்றரை பிக் பிளைண்ட் (முறை வைத்துப் போடும் கட்டாயப் பந்தயம்; தொகைகளை இந்த அலகிலேயே சொல்கிறேன்) போகிறது என்றால், அந்த ஏஸ் வருவதற்குள் 37 பிக் பிளைண்ட் போயிருக்கும். ஆறு பேர் மேசையில் 55. நூறோடு உட்கார்ந்தவரிடம் பாதிகூட மிஞ்சாது. அதுவரை ஒரு கையும் ஆடாதவர் திடீரென்று ரெய்ஸ் செய்தால், எதிராளி எவ்வளவு அடித்து ஆடுபவராக இருந்தாலும் சீட்டைக் கவிழ்த்து விலகிக்கொண்டு சிரிப்பார்.

அவருடைய பலம் நாம் கவிழ்ப்பதில்தான் இருக்கிறது. பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் பணம்) அளவுக்குப் பந்தயம் கட்டி ப்ளஃப் செய்பவருக்கு, அதாவது நல்ல சீட்டில்லாமலே மிரட்டுபவருக்கு, இரண்டில் ஒரு தடவை நாம் கவிழ்த்தாலே கைமுதல் திரும்பிவிடும். பாதிப் பாட் கட்டினால் மூன்றில் ஒரு தடவை போதும். அதற்கு மேல் நாம் கவிழ்க்கும் ஒவ்வொரு முறையும், எந்தச் சீட்டு வைத்திருந்தாலும் அவருக்கு லாபம். மறுபக்கம் நம் கணக்கு இது: பாதிப் பாட் பந்தயத்தை கால் செய்ய (அதே தொகையைப் போட்டுத் தொடர) நான்கில் ஒரு தடவை ஜெயித்தால் போதும், முக்கால் பாட்டுக்கு 30 சதவீதம், முழுப் பாட்டுக்கு மூன்றில் ஒன்று, இரண்டு மடங்குக்கு ஐந்தில் இரண்டு. இந்த நான்கு எண்களும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஏஸ் ஜோடி இல்லாமலே, நடுத்தரமான கையை வைத்துக்கொண்டு அவரைச் சமாளிக்க வழி இதில்தான் இருக்கிறது.

அதற்கு முன், அவர் உண்மையிலேயே அடித்து ஆடுபவர்தானா என்று பார்த்தாக வேண்டும். அவசரப்பட்டு முத்திரை குத்துவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஐந்து கைக்கு ஒன்று ரெய்ஸ் செய்யும் சாதாரண ஆட்டக்காரருக்கு நல்ல சீட்டு அடுத்தடுத்து வந்தால், 20 கையில் 7 அல்லது அதற்கு மேல் ரெய்ஸ் செய்வது நூறில் ஏறத்தாழ 9 தடவை நடக்கும். அதே விகிதம் நீடித்து 60 கையில் 21 ஆவது நூறில் ஒரு தடவைகூட நடக்காது. ஆகவே 20 கையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இதற்கிடையில், கை முடியும்போது நடக்கும் ஷோடவுனில் அவர் திறந்து காட்டும் சீட்டுகள் எல்லாவற்றையும்விட உதவும். முதலில் முடிவெடுக்க வேண்டிய முன்வரிசை இடத்திலிருந்து 9-5 என்ற குப்பையை வைத்து ரெய்ஸ் செய்தது ஒரு தடவை தெரிந்துவிட்டால், அது நூறு கைப் புள்ளிவிவரத்துக்குச் சமம்.

அடித்து ஆடுபவர்களிலும் ரகம் உண்டு. சிலர் ஃப்ளாப் (மேசையில் முதலில் விரியும் மூன்று பொதுச் சீட்டு) வருவதற்கு முன்பு மட்டும் துள்ளுவார்கள். பிறகு சீட்டு பிடிக்காவிட்டால் அடங்கிவிடுவார்கள். சிலர் ஃப்ளாப்பில் ஒரு தடவை பந்தயம் கட்டிப் பார்த்துவிட்டு, டர்னில் (நான்காவது சீட்டில்) செக் செய்வார்கள், அதாவது பந்தயம் கட்டாமல் விடுவார்கள். சிலர் ஃப்ளாப், டர்ன், ரிவர் (ஐந்தாவது சீட்டு) என்ற மூன்று தெருவிலும் சுடுவார்கள், அதாவது பந்தயம் கட்டுவார்கள். முதல் இரண்டு ரகத்தாரை ஃப்ளாப்பில் லேசான கையோடு கால் செய்து, டர்னில் அவர்கள் செக் செய்ததும் நாம் பந்தயம் கட்டி எடுத்துவிடலாம். மூன்றாவது ரகத்தாரிடம் அது பலிக்காது. அவர்களிடம் ஃப்ளாப்பில் கால் செய்யும்போதே ரிவர் வரைக்கும் யோசித்திருக்க வேண்டும்.

இதைச் செய்யாததால்தான் பெரும் நஷ்டம் வருகிறது. பாட் 10, அவர் 7 கட்டுகிறார், கால். பாட் 24, டர்னில் 16 கட்டுகிறார், கால். பாட் 56, ரிவரில் 40 கட்டுகிறார். இப்போது பயந்து கவிழ்த்தால் 23 தண்டம். மூன்று தெருவிலும் சுடுபவர் மூன்றாவது தடவையும் சுடுவார் என்பது முதலிலேயே தெரிந்த விஷயம். டர்னிலும் ரிவரிலும் வந்தவை நம் கையை மோசமாக்காத சீட்டுகள் என்றால், ரிவரில் கவிழ்க்கப்போகிற கையை ஃப்ளாப்பிலேயே கவிழ்த்திருக்க வேண்டும்.

ரிவரில் எப்படி எண்ணுவது என்பதற்கு ஓர் உதாரணம். மேசையில் இஸ்பேட் ராஜா, ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 4, கிளாவர் 2, டைமண்ட் 2. உங்கள் கையில் கிளாவர் ராஜாவும் இஸ்பேட் 10-ம். எதிராளி மூன்றாவது தடவையாக முழுப் பாட் கட்டுகிறார். உங்களை ஜெயிக்கும் கைகளை எண்ணுங்கள்: ஏஸ் ஜோடி 6, ராஜா ஜோடி 1, 9-9 ஜோடி 3, 4-4 ஜோடி 3, ராஜாவோடு ஏஸ் 8, ராஜாவோடு ராணி 8, ராஜாவோடு ஜாக்கி 8, ராஜாவோடு 9 இருந்தால் 6. மொத்தம் 43. ராஜா-4, ஒரே பூவில் (ஒரே சின்னத்தில்) ஏஸ்-2 ஆகியவற்றையும் சேர்த்தால் 50 சொச்சம். இனி, அவர் ப்ளஃப் செய்யக்கூடிய தவறிப்போன கைகள். ராஜாவும் 2-ம் நீங்கலாக மீதமுள்ள ஆர்ட்டின் சீட்டு 9; அவற்றில் ஃப்ளஷுக்கு (ஒரே பூவில் ஐந்து சீட்டு) முயன்று தவறிய இரு சீட்டுச் சேர்க்கைகள் 36. வரிசைக்கு (அடுத்தடுத்த ஐந்து சீட்டு) முயன்று தவறிய ராணி-ஜாக்கி 15, ஜாக்கி-10 பதினொன்று, ராணி-10 பதினொன்று. மொத்தம் 73. கால் செய்ய மூன்றில் ஒரு தடவை ஜெயித்தால் போதும் என்பதால், 50 நல்ல கைகளுக்கு எதிரே 25 ப்ளஃப் இருந்தாலே சரிக்குச் சரி. தவறிய கைகளில் மூன்றில் ஒரு பங்கு சுட்டாலே அந்த எண்ணிக்கை வந்துவிடுகிறது. எல்லாவற்றையும் சுடுபவரிடம் இந்தக் கையைக் கவிழ்ப்பது பெரிய தவறு.

இதே உதாரணத்தில் உங்கள் 10 இஸ்பேடாக இல்லாமல் ஆர்ட்டினாக இருந்தால், தவறிய ஆர்ட்டின் சேர்க்கைகள் 36-லிருந்து 28 ஆகக் குறைந்துவிடும். அவர் பாவ்லா காட்டுவதற்கு வேண்டிய சீட்டு உங்கள் கையில் சிக்கியிருக்கிறது என்று பொருள். ரிவரில் கால் செய்யலாமா என்று தடுமாறும்போது, தவறிப்போன ஃப்ளஷின் பூ உங்கள் கையில் இல்லையென்றால் கால் பக்கம் சாயுங்கள். இருந்தால் கவிழ்க்கும் பக்கம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ராஜா-10 போன்ற நடுத்தரக் கையை வைத்து அவர்மேல் ரெய்ஸ் செய்வது இன்னொரு தவறு. ரெய்ஸ் செய்ததும் அவருடைய 73 குப்பையும் ஓடிவிடும், நம்மை ஜெயிக்கும் 50-ம் நிற்கும். குப்பை கட்டிய பணம் கால் செய்தாலே கிடைத்துவிடும். ரெய்ஸை மிக நல்ல கைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். அதே சமயம், செட் (கையில் உள்ள ஜோடிக்கு மேசையில் மூன்றாவது சீட்டு) அடித்துவிட்டோம் என்று ஒளித்து வைப்பதிலும் அளவு வேண்டும். மேசையில் இரண்டு ஆர்ட்டின் கிடக்கும்போது, ஃப்ளஷுக்கு முயல்பவர் ஃப்ளாப்பிலிருந்து ரிவருக்குள் அதை முடிக்கும் வாய்ப்பு 35 சதவீதம். அவர் தானாகப் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கும்வரை செக் செய்து விடலாம். அவர் கட்டுவதை நிறுத்திவிட்டால் உடனே நாம் கட்ட வேண்டும்.

ஃப்ளாப்புக்கு முன்பு செய்ய வேண்டியதற்கு வருகிறேன். இடம் கிடைத்தால் அவருக்கு இடப்பக்கம் உட்காருங்கள். சீட்டாட்டம் இடப்பக்கமாகச் சுற்றுவதால், அவர் என்ன செய்தார் என்று பார்த்த பிறகே நம் முறை வரும். அவர் 4 பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்தால் 12 அல்லது 13-க்கு மறு ரெய்ஸ் செய்து மற்றவர்களை விலக்கிவிடலாம். அவருக்கு முன்னால் ஆட வேண்டிய இடத்தில் இருந்தால் 16. 10-10 ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-ஜாக்கி, ஏஸ்-ராணி, ராஜா-ராணி எல்லாம் இதற்கு ஏற்ற கைகள். மறு ரெய்ஸுக்கு அவர் எளிதில் கவிழ்ப்பவரானால் மட்டும் லேசான கைகளையும் சேர்க்கலாம். கவிழ்க்கவே மாட்டார் என்றால் ப்ளஃப் செய்து பிரயோசனமில்லை.

12-க்கு மறு ரெய்ஸ் செய்து அவர் கால் செய்தால் பாட் 25-ஐத் தொடும்; நூறில் கையிருப்பு 88. பாட்டைப் போல மூன்றரை மடங்குதான் மீதி. இந்த நிலையில் டாப் பேர் (மேசையின் மிகப் பெரிய சீட்டோடு ஜோடி) கிடைத்தாலே முழுவதையும் போடலாம்; குழப்பமில்லை. 200 பிக் பிளைண்டோடு ஆடும்போது அதே டாப் பேர் பெரும் தலைவலியாகிவிடும். அனுபவம் குறைந்தவர்கள் இவர்களோடு ஆழமான கையிருப்பில் மோத வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நூறோ, ஐம்பதோ போதும்.

பின்னால் இருப்பவர்களை மறந்துவிடக் கூடாது. அவர் ரெய்ஸ் செய்ய, நாம் ஏஸ்-8 வைத்து வெறும் கால் செய்தால், பின்னால் காத்திருக்கும் நிதானமான ஆட்டக்காரர் பெரிதாக ரெய்ஸ் செய்து இருவரையும் துரத்துவார். நமக்கு ஆபத்து பெரும்பாலும் அந்த மூன்றாமவரிடமிருந்துதான் வருகிறது.

பார்க்காமலே ஒவ்வொரு கையும் ஆல்-இன் (கையிருப்பு முழுவதும்) போடுபவரும் உண்டு. எந்த இரண்டு சீட்டுக்கும் எதிராக ஏஸ் ஜோடி ஜெயிப்பது 85 சதவீதம், 8-8 ஜோடி 69, வெவ்வேறு பூ ராஜா-ராணி 61, 2-2 ஜோடி 50-க்குச் சற்று மேல். 8-8 ஜோடியைக் கவிழ்த்துவிட்டு ஏஸுக்காக உட்கார்ந்திருப்பதில் அர்த்தமே இல்லை. ஆனால் 65 சதவீதச் சாதகத்தோடு ஐந்து தடவை மோதினால் ஐந்தையும் ஜெயிப்பது நூறில் 12 தடவைகூட இல்லை. சரியாக ஆடியே தோற்க நேரும். இதற்காகத்தான் ஆட்டத்துக்கென ஒதுக்கும் பணம், மேசையில் வைக்கும் தொகையைப் போல் 30 முதல் 50 மடங்கு இருக்க வேண்டும். ஒரே அமர்வில் மூன்று மடங்கு போனால் எழுந்துவிட வேண்டும். கோபத்தில் "இவனை விடுவதில்லை" என்று கால் செய்யும்போது மேலே சொன்ன எந்த எண்ணும் நினைவுக்கு வராது.

அடித்து ஆடுவதே முட்டாள்தனம் என்ற தொனியும் அந்தக் கட்டுரையில் இருந்தது. 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒருவருக்கு ஒருவராக, மொத்தம் 1,20,000 கைகளில் தோற்கடித்தது. பாட்டைவிடப் பல மடங்கு பெரிய பந்தயங்களை அது தயங்காமல் கட்டியது. அளவோடு கலந்தால் அடித்து ஆடுவது வலிமை. எதிராளி அந்த அளவை எங்கே மீறுகிறார் என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

கட்டுரையாளர் சொன்ன பொறுமை ஓரிடத்தில் மட்டும் பொருந்தும்: டோர்னமென்ட்டில், பரிசு வரிசை தொடங்கும் எல்லையில். அங்கே இழக்கும் சிப்பின் மதிப்பு ஜெயிக்கும் சிப்பைவிட அதிகம். அதனால் பணமேசையில் கால் செய்யும் பல கைகளை அங்கே கவிழ்க்க வேண்டும். 11 பேர் மீதியிருந்து 10 பேருக்கு ஒரே மதிப்புள்ள நுழைவுச் சீட்டு கிடைக்கும் சாட்டிலைட் என்ற தகுதிப் போட்டியில், கையிருப்பு பத்திரமாக உள்ளவர் ஏஸ் ஜோடியைக்கூடக் கவிழ்ப்பது சரியாக அமையலாம். இரண்டு வகை ஆட்டத்துக்கும் ஒரே ஆலோசனையைச் சொன்னதைத் திருத்தி, அடுத்த இணைப்பில் தனித்தனியே விளக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்