மார்க்கஸை வைத்துவிட்டு அரிஸ்டாட்டிலை எடு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. பாளையங்கோட்டையில் பெரிய சேதி ஒன்றும் இல்லை. மாடியை வாடகைக்கு விட்டாயிற்று. குடிவந்தவர்கள் மோட்டாரை நிறுத்த மறந்துவிடுகிறார்கள், மற்றபடி தங்கமான மனிதர்கள்.

பெங்களூர் போனதிலிருந்து மார்க்கஸ் அரேலியஸைத் திரும்பத் திரும்பப் படிப்பதாக எழுதியிருக்கிறாய். மனசு நம் கைக்குள் இருந்தால் போதும், வெளியே எது போனாலும் வாழ்வு குறைபடாது என்கிறாய். இதை ஒரு ரோமச் சக்கரவர்த்தி சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பேன். ஆனால் அவர் பெற்ற பிள்ளைகளில் பலரைப் பறிகொடுத்தவர். கொள்ளைநோயும் எல்லைப் போரும் அவர் ஆண்ட காலத்தை விட்டு விலகவே இல்லை. அவர் படித்த தத்துவ ஆசிரியர் எபிக்டீட்டஸோ அடிமையாக இருந்தவர். பட்டுத் தெரிந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நற்குணம் ஒன்றே நல்வாழ்வுக்குப் போதும் என்கிற அந்த ஸ்டாயிக் கூட்டம் சொல்வதில் எனக்கு முழு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

நான் இப்போது அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கிய அறநூலில் கிடக்கிறேன். கல்லூரியில் நமக்கு இது ஏறவே இல்லையே, அதற்கு அவரே முதல் புத்தகத்தில் காரணம் சொல்லிவைத்திருக்கிறார்: வாழ்ந்த அனுபவம் போதாத இளைஞன் இந்தப் பாடத்தைக் கேட்கத் தகுந்தவன் இல்லையாம். நம் மதிப்பெண்ணுக்கு இப்போதாவது ஒரு சமாதானம் கிடைத்தது.

உன் மார்க்கஸுக்குச் சுமார் ஐந்நூறு ஆண்டுகள் முந்தியவர் அவர். ஆனால் அந்தக் கட்சிக்குப் பதிலை முன்கூட்டியே எழுதிவைத்ததுபோல ஒரு வரி ஏழாம் புத்தகத்தில் வருகிறது. நல்லவனாக இருந்தால் போதும், சித்திரவதைச் சக்கரத்தில் கட்டிவைத்தாலும் அவன் நன்றாக வாழ்கிறான் என்று சொல்கிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, உளறுகிறார்கள் என்கிறார். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். நல்வாழ்வுக்கு நற்குணம்தான் அடிப்படை என்று பக்கம் பக்கமாக வாதாடிய மனிதர், கூடவே உடம்பு, கொஞ்சம் காசு, பிள்ளைகள், நண்பர்கள் எல்லாம் வேண்டும் என்று கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்கிறார். டிராய் மன்னன் பிரியாமை உதாரணம் காட்டுகிறார். ஆயுள் முழுக்கச் செழிப்பாக இருந்துவிட்டுக் கிழப்பருவத்தில் மகன்களையும் நகரத்தையும் இழந்தவனை யார் பாக்கியசாலி என்பார்கள்?

அதற்காக எல்லாம் விதி என்று கையை விரித்துவிடவும் இல்லை. நல்ல தளபதி இருக்கிற படையை வைத்து முடிந்தவரை நன்றாகப் போரிடுவான், நல்ல செருப்புத் தொழிலாளி கொடுத்த தோலில் முடிந்தவரை நல்ல செருப்பைத் தைப்பான் என்கிறார். நல்லவனுக்குக் கேடு வரலாம், அவன் இழிந்துபோவதில்லை. ஆனால் தோல் மட்டமாக இருந்தால் மட்டம்தான், அதைப் பட்டு என்று சொல்லச்சொல்லி அவர் வற்புறுத்துவதில்லை. எனக்குப் பிடித்தது இதுதான். தங்கச்சி வலியில் கிடந்த நாட்களை 'வெளிவிஷயம்' என்று நீ எழுதியபோது, இவன் நிஜமாகத்தான் சொல்கிறானா என்று தோன்றியது.

குணம் எப்படி வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. யாழ் வாசித்து வாசித்து யாழ் வாசிப்பவன் ஆவதுபோல, நியாயமானதைச் செய்து செய்துதான் நியாயஸ்தன் ஆகமுடியும். மிகைக்கும் குறைக்கும் இடையில் நிற்பதுதான் நற்குணம் என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த நடுவழியும் பாதிக்குப் பாதி வகுக்கிற கணக்கு இல்லை. மல்லன் மைலோவுக்குக் கொஞ்சமாகப் படுகிற சாப்பாடு புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அதிகம். கோபப்படுவது யாருக்கும் எளிது. சரியான ஆளிடம், சரியான அளவில், சரியான நேரத்தில் கோபப்படுவதுதான் கடினம் என்கிறார். பெருந்தன்மைக்காரர் என்று ஒருவரை வருணிக்கிறார் பார், மெதுவான நடை, கனத்த குரல், யாருக்கும் கடன்பட்டிருக்கப் பிடிக்காத மனசு. அந்த ஆளை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்படி ஒரு மேலதிகாரியிடம் வேலை பார்த்தாயிற்று.

பத்துப் புத்தகங்களில் முழுசாக இரண்டை, எட்டையும் ஒன்பதையும், நட்புக்கே கொடுத்திருக்கிறார். பயனுக்காக, இன்பத்துக்காக, குணத்துக்காக என்று மூவகை. முதல் இரண்டும் காரணம் தீர்ந்ததும் தீர்ந்துபோகும். மூன்றாவது அபூர்வம், அதற்குக் காலம் பிடிக்கும்; சேர்ந்து உப்புத் தின்னாமல் ஒருவரை ஒருவர் அறியமுடியாது என்ற பழமொழியை அங்கே எடுத்துச் சொல்கிறார். அடுக்குமாடியில் நாற்பது வீடு இருந்தும் பேச ஆளில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்கும் வரி இருக்கிறது: மனிதர்கள் சேர்ந்து வாழ்வது என்றால் பேச்சையும் சிந்தனையையும் பகிர்ந்துகொள்வது, ஆடுமாடு ஒரே இடத்தில் மேய்வதுபோல இல்லை. கிழவர்களும் சிடுமூஞ்சிகளும் சுலபத்தில் நட்புக் கொள்வதில்லை என்றும் ஒரு வரி உண்டு. யாரைச் சொல்கிறார் என்று கேட்காதே.

பிசிராந்தையாரும் இந்தக் கட்சிதான் என்று நினைக்கிறேன். வயதாகியும் நரை ஏன் இல்லை என்பதற்கு அவர் சொன்ன காரணங்களை எண்ணிப் பார்: மனைவி, மக்கள், ஏவலர், அல்லவை செய்யாத வேந்தன், அதற்கும் மேலாக ஊரில் சான்றோர் பலர். தன் மன உறுதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் சோழனைப் பார்க்காமலே அவர் கொண்ட நட்பை அரிஸ்டாட்டில் ஒப்புவாரா என்பது சந்தேகம். தூரம் நட்பை முறிக்காது, அது நடக்கவிடாமல் செய்யும். ரொம்ப நாள் ஆனால் மறதியும் வந்துவிடும் என்கிறார் அவர்.

அவரிடம் எனக்கு ஒரு பெரிய வழக்கு உண்டு. சிலர் பிறப்பிலேயே அடிமைகள் என்று அரசியல் நூலில் எழுதியவர் இவர். நல்வாழ்வு யாருக்கு என்று கேட்டால் ஓய்வும் சொத்தும் உள்ள ஆண்களுக்கு என்றுதான் பதில் வரும். எபிக்டீட்டஸை அவருக்கு எதிரே உட்காரவைத்திருக்கவேண்டும். இந்த இடத்தில் உன் கட்சிக்கே என் ஓட்டு. ஆனால் தத்துவ ஞானிகளின் வரலாறு எழுதிய டயோஜீனிஸ் லயேர்ட்டியஸ் எடுத்துவைத்திருக்கும் அரிஸ்டாட்டிலின் உயிலில் கதை வேறு மாதிரி இருக்கிறது. கி.மு. 323இல் அலெக்சாண்டர் இறந்ததும் ஏதென்ஸில் இருக்கமுடியாமல் கால்கிஸுக்குப் போய், அடுத்த ஆண்டு 62 வயதில் இறந்தார். தனக்குப் பணிசெய்த சிறுவர் எவரையும் விற்கக்கூடாது, உரிய வயது வந்ததும் தகுதிப்படி விடுவிக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார். கடைசிவரை உடனிருந்த ஹெர்ப்பிலிஸுக்குக் கால்கிஸில் தோட்டத்து வீடோ, சொந்த ஊர் ஸ்டாகிராவில் அப்பா வீடோ, எது வேண்டுமோ அது. அவள் என்னிடம் நல்லபடியாக இருந்தாள் என்று காரணம். முன்பே இறந்த மனைவி பிதியாஸ் கேட்டுக்கொண்டபடி அவளுடைய எலும்புகளைத் தன்னோடு சேர்த்து வைக்கச் சொல்கிறார். அந்தச் சிறுவர்கள் விஷயத்தில் உயில் எழுதிய ஆள், நூல் எழுதிய ஆளைவிட ஒரு படி மேல்.

தை பிறந்ததும் தங்கச்சி நடக்க ஆரம்பித்திருப்பாள், இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். ஏழாம் புத்தகத்தில் ஒரு இடம் எனக்குப் பிடிபடவில்லை. கெடுதல் என்று தெரிந்தே ஒருவன் எப்படி அதைச் செய்கிறான் என்று விசாரிக்கிறார். உதாரணமாக, 'இனிப்பானதையெல்லாம் சுவைக்கவேண்டும், இது இனிப்பு' என்று உள்ளுக்குள் வாதம் ஓடுகிறதாம், கை நீண்டுவிடுகிறதாம். சர்க்கரையை வைத்துக்கொண்டு அல்வாக் கடைக்குப் போகிறவன் நீ, வந்து விளக்கு.

அன்புடன்,
ராமு