கையை எடுத்துவிட்ட டோன்யா

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மாயன் வயிற்று மசாஜ் பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். படத்தில் ஒரு பெண் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். வயிற்றின் மேல் வரிசையாகக் கருங்கற்கள், தலைமாட்டில் மெழுகுவத்தி. கல்லையும் மெழுகுவத்தியையும் நான் அங்கே பார்த்ததே இல்லை. அங்கே என்றால் மத்திய அமெரிக்காவில் இருக்கும் பெலீஸ் நாட்டில். மகப்பேறுப் பிரிவில் 24 வருஷம் செவிலியராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள் நான். கணவரின் வேலைக்காக 2011 முதல் மூன்று வருஷம் அந்த நாட்டின் கயோ மாவட்டத்தில், சான் இக்னாசியோ ஊரில் குடியிருந்தேன். அந்த மசாஜை என் வயிற்றிலேயே வாங்கியவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

போன புதிதில், தண்ணீர் மாறியதாலோ சாப்பாடு மாறியதாலோ, எனக்கு மலச்சிக்கல், மூன்று நாளைக்கு ஒரு தரம் மலம் போனால் பெரிய விஷயம். மாத்திரை போட்டால் போகும், விட்டால் நின்றுவிடும். பக்கத்து வீட்டுப் பெண்தான் “சொபாதா செய்துகொள்ளுங்கள்” என்றாள். சொபார் என்றால் ஸ்பானிஷில் தேய்ப்பது, பிசைவது. தேய்த்துவிடும் பெண்ணுக்கு சொபதோரா என்று பெயர். உங்கள் கட்டுரையில் இருந்த நீளமான ஆங்கிலப் பெயரை அந்த ஊரில் ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை.

கிறிஸ்டோ ரே கிராமத்தைத் தாண்டி மேட்டில் ஏறினால் சான் அந்தோனியோ. யுகாடெக் மாயா என்ற பழங்குடிக் குடும்பங்கள் வாழும் ஊர். நாங்கள் போய்ப் பார்த்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் மரியாதையாக டோன்யா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. போனவுடன் படுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். இல்லை. நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எத்தனை பிரசவம், எதாவது ஆபரேஷன் உண்டா, மாதவிலக்கு கடைசியாக எப்போது, உள்ளே காப்பர் டி மாதிரி ஏதாவது வைத்திருக்கிறாயா, காய்ச்சல் உண்டா, எங்காவது விழுந்தாயா. பக்கத்து வீட்டுப் பெண் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். புறநோயாளிப் பிரிவில் நாங்கள் இரண்டே நிமிடத்தில் முடிக்கும் விசாரணையை அவர் அரை மணி நேரம் செய்தார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

அப்புறம் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார். மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துணி. இடுப்பெலும்புக்குச் சற்று மேலே விரல்களை வைத்து, மெதுவாகத் தொப்புளை நோக்கி மேலே இழுத்து வந்தார். நடுவில், பிறகு இடப்பக்கம், வலப்பக்கம். அது முடிந்ததும் விலா எலும்புக்குக் கீழிருந்து தொப்புளை நோக்கிக் கீழே. வலி இல்லை. அழுத்தம் மட்டும் இருந்தது, மாவு பிசைகிறவர் கையில் இருக்குமே, அந்த நிதானமான அழுத்தம்.

இடையில் ஒரு தடவை தொப்புளில் விரலை வைத்து அசையாமல் நின்றார். துடிப்பைத் தேடுகிறாராம். திப்தே என்று மாயா மொழியில் சொல்வார்கள். அது தொப்புளுக்கு நேராக அடிக்க வேண்டும், விலகினால் பசி போகும், வயிறு உப்பும் என்பது அவர்கள் கணக்கு. நம் பாட்டிமார் சொல்லும் குடலேற்றத்துக்கு அக்கம்பக்கத்துச் சொந்தம் போலிருக்கிறது. நான் படித்த படிப்பில் அது வயிற்றுப் பெருந்தமனி. தொப்புளுக்குச் சற்றுக் கீழே அது இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. அவர் தேடிய இடத்தில் துடிப்பு இருக்கத்தான் செய்தது, அதற்கு நாங்கள் இரண்டு பேரும் சொல்லும் காரணம்தான் வேறு.

நான்கு தடவை போனேன். வீட்டிலேயே எப்படித் தேய்த்துக்கொள்வது என்றும் சொல்லிக்கொடுத்தார். வயிறு சரியானது. தண்ணீர் நிறையக் குடி, பப்பாளி சாப்பிடு என்றும் சொல்லியிருந்தார், அதனால் முழுப் பெருமையையும் மசாஜுக்குக் கொடுக்க மாட்டேன். மலச்சிக்கலுக்கு வயிற்றைத் தேய்ப்பதைச் சுவீடனில் 60 பேரிடம் எட்டு வாரம் சோதித்து 2009-இல் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் தேய்த்தது மாயன் முறையில் அல்ல. தொந்தரவு குறைந்தது, ஆனால் மலமிளக்கி மருந்தின் தேவை குறையவில்லை என்று முடிவு வந்தது. என் அனுபவமும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

இனி, கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். “சாய்ந்த கர்ப்பப்பையை நிமிர்த்திக் குழந்தை தரும்” என்று போட்டிருந்தீர்கள். ஐயா, ஐந்து பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்குக் கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்துதான் இருக்கும். சிலர் நிறம் கறுப்பு, சிலர் சிவப்பு என்பதைப் போல அது ஒரு அமைப்பு. வெறும் சாய்வினால் கரு தங்காமல் போவதில்லை. கர்ப்பத்தின் மூன்று நான்கு மாதத்தில் வளரும் கர்ப்பப்பை பெரும்பாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) போன்ற நோயால் ஒட்டிக்கொண்டு சாய்ந்திருந்தால் கதை வேறு. அங்கே சிகிச்சை தேவைப்படுவது அந்த நோய்க்கு. இந்த ஒரு தலைப்பைப் படித்துவிட்டு, ஸ்கேன் அறிக்கையில் ‘பின்சாய்வு’ என்ற வார்த்தையைப் பார்த்த எத்தனை பெண்கள் அன்று இரவு தூங்காமல் இருந்திருப்பார்கள்?

எனக்குத் துணையாக வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. மூன்றாவது தடவை போனபோது அவளும் படுத்தாள். டோன்யா இரண்டு மூன்று இழுப்புதான் இழுத்திருப்பார், இடப்பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. மறுபடி லேசாகத் தொட்டுப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். பாவாடையைக் கீழே இழுத்துவிட்டு, “இதை நான் தேய்க்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடு” என்றார். இவள் கெஞ்சினாள், காசு வேண்டுமானால் கூடத் தருகிறேன் என்றாள். அந்த அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

சினைப்பையில் நீர்க்கட்டி. பெரிதாக இருந்தது, அறுவை செய்து எடுத்தார்கள். அழுத்தித் தேய்த்திருந்தால் உடைந்திருக்கலாம், முறுக்கிக்கொண்டிருக்கலாம். அவளுக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். நான் ஊர் திரும்பும் வரை இல்லை.

கட்டுரையில் விட்டுப்போனது இந்த ‘மாட்டேன்’தான். மாதவிலக்கு நாட்களில் தொட மாட்டார். காப்பர் டி இருந்தால், தொற்றோ காய்ச்சலோ இருந்தால், சமீபத்தில் வயிற்றில் அறுவை நடந்திருந்தால் தொட மாட்டார். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலும் அப்படியே. பத்துப் பலன்களை வரிசையாக எழுதிய உங்கள் செய்தியாளர் இதில் ஒன்றைக்கூட எழுதவில்லை.

இன்னொரு குறை. “அமெரிக்க மருத்துவர் ஒருவர் கண்டுபிடித்த பழங்கால ரகசியம்” என்கிறது கட்டுரை. சான் அந்தோனியோவில் யாராவது இதைப் படித்தால் சிரிப்பார்கள். அந்த ஊரில் எலிஹியோ பாந்தி என்ற வைத்தியர் இருந்தார். சூயிங் கம்முக்காகக் காட்டில் சிக்லே பால் எடுக்கும் கூலியாக வேலை பார்த்தவர். 1996-இல், நூறு வயதைத் தாண்டிக் காலமானார். அமெரிக்காவிலிருந்து வந்த ரோசிதா ஆர்விகோ 1980-களில் அவரிடம் வருஷக்கணக்கில் கூடவே இருந்து கற்றுக்கொண்டார். ஹார்ட்டென்ஸ் ராபின்சன் என்ற பெலீஸ் மருத்துவச்சியிடமும் கற்றார். தான் ஏற்கெனவே படித்திருந்த நாப்ரபதி என்ற தசைநார் வைத்தியத்தையும் சேர்த்து ஒரு பாடத்திட்டம் ஆக்கினார். இன்று பல நாடுகளில் சான்றிதழோடு கற்பிக்கப்படுவது அந்தக் கலவை. ஆர்விகோ தன் குருவின் பெயரை மறைக்கவில்லை. சான் அந்தோனியோவுக்குப் பக்கத்துக் காட்டுக்கு பெலீஸ் அரசு 2001-இல் எலிஹியோ பாந்தி தேசியப் பூங்கா என்றே பெயர் வைத்தது. உங்கள் அரைப்பக்கத்தில் அவருக்கு ஒரு வரி இடமில்லை, கருங்கல்லுக்கு இருந்தது.

வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். யார் யார் இதைச் செய்துகொள்ளக் கூடாது என்ற பட்டியலும், பின்சாய்வு நோயல்ல என்ற ஒரு வரியும் இருந்தால் போதும். சரிபார்க்க ஒரு மகப்பேறு மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், என் பேச்சை மட்டும் நம்பிப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்