மடிக்கணினிக்கும் ஒரு கெடு தேதி போடுங்கள்

சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தேக்காவில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் கைமாற்றி வாங்கிய மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஊருக்கு வீடியோவில் பேசுபவர்கள், பணம் அனுப்புபவர்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல். ஒரு மடிக்கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும் என்பதைப் பெட்டியிலேயே அச்சிட வையுங்கள் என்று கேட்கிறேன்.

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ஓட்டைகள் வெளியே தெரியவந்தன. இவை கணினியின் மூளையான பிராசசரின் வேகத்துக்காகச் செய்த ஏற்பாட்டிலேயே இருந்தவை. அடுத்து என்ன வேலை வரும் என்று ஊகித்து, பிராசசர் அதை முன்கூட்டியே தொடங்கிவிடும். ஊகம் தப்பினால் விடையைத் தூக்கிப் போட்டுவிடும். ஆனால் அதற்காக எடுத்த தரவின் சுவடு, பிராசசருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேஷ் என்ற சின்ன வேக நினைவகத்தில் தங்கிவிடுகிறது. கேஷில் இருப்பது சட்டென்று கிடைக்கும், இல்லாதது வர பல மடங்கு நேரமாகும். அந்த வித்தியாசத்தை அளந்து அளந்தே, தான் தொடக்கூடாத இடத்தில் இருக்கும் கடவுச்சொல்லை ஒரு நிரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்ளலாம். வழக்கமான பதிவேடுகளில் இதன் தடயம்கூட இருக்காது.

அதோடு முடியவில்லை. பிராசசர் ஓட்டைகள் தொடர்ந்து வந்தன: 2019ல் ஸோம்பிலோட், 2023ல் இன்டெல் பிராசசரில் டௌன்ஃபால், ஏஎம்டி பிராசசரில் ஸென்பிளீட், 2024ல் ஆப்பிளின் எம் வரிசை பிராசசரில் கோஃபெட்ச். விற்றுப்போன பிராசசரை யாரும் மாற்றித் தரப்போவதில்லை. விண்டோஸ் போன்ற இயங்குதளம், பிராசசருக்குள்ளேயே ஓடும் மைக்ரோகோடு என்ற நிரல் ஆகியவற்றைப் புதுப்பித்து ஓட்டைக்கு ஒட்டுப்போடத்தான் முடியும்.

அண்மையில் ஒரு தம்பி கொண்டுவந்த மடிக்கணினியில் ஆறாம் தலைமுறை இன்டெல். கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலின் திரையில் இருந்த ஆண்டு 2017, மெல்ட்டவுன் தெரியவருவதற்கு முந்தையது. அதாவது அதன் பிறகு பயாஸ் புதுப்பிக்கப்படவே இல்லை. அதில் விண்டோஸ் 10 ஓடியது. அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்பதில்லை. ஒட்டு அதிகம் தேவைப்படும் பழைய கணினிக்குத்தான் அது முதலில் நின்றுபோகிறது. "லினக்ஸ் போட்டுத் தரட்டுமா?" என்றேன். "சரி அண்ணே" என்றார். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். ஆனால் எல்லாருக்கும் அது ஒத்துவராது.

இந்த வழியில் திருடுவது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். மோசடிக் குறுஞ்செய்தி அனுப்புவதுதான் திருடனுக்குச் சுலபம். ஆனால் குறுஞ்செய்தி விஷயத்தில் மனிதர் உஷாராக இருந்து தப்பிக்கலாம். பிராசசர் ஓட்டைக்கு முன்னால் எவ்வளவு உஷாராக இருந்தாலும், ஒட்டு வராவிட்டால் தப்பிக்க வழியில்லை.

வைஃபை ரவுட்டர்களுக்கு நான்கு நிலைகளில் பாதுகாப்பு முத்திரை தரும் திட்டத்தை 2020ல் தொடங்கினீர்கள். நல்ல வேலை. மடிக்கணினிப் பெட்டியிலும் ஒரே ஒரு வரி அச்சிட வையுங்கள். பயாஸ், மைக்ரோகோடு புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும் என்ற வரி. கைமாற்றி விற்கும் கடைகளும் அதைச் சொல்லியே விற்கட்டும். அப்புறம், உங்கள் அமைப்பின் இணைய அவசரகாலக் குழுவான சிங்செர்ட் வெளியிடும் எச்சரிக்கைகளில் பிராசசர் ஓட்டை பற்றியவற்றையாவது அரைப் பக்கத் தமிழில் தாருங்கள். எந்த மாடல், என்ன செய்ய வேண்டும் என்பது போதும். அச்சடித்துக் கடையில் ஒட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தேக்காவில் கணினி பழுதுபார்ப்பவன்